வார்டனுக்குப் பொருந்திய சேணம்

குதிரைக்குச் சேணம் பார்க்கப் போன இடத்தில் என் பின்பக்கத்துக்கு அளவெடுத்துக்கொண்டு வந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் இதைவிட மோசமாகச் சொல்வார்கள். என் மச்சினன் குமரேசன் சொன்னால் நடித்தே காட்டுவான், அதற்கு ஒரு ஸ்டூல் வேறு கேட்பான்.

பள்ளிக்கூடத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் புதுப் பயிற்சியாளர் போன வாரம் போன் செய்தார். ஒரு குதிரைக்கு எந்தச் சேணம் போட்டாலும் நிற்கவில்லையாம். இப்போதெல்லாம் போனைக் குதிரையின் முதுகுக்கு நேராகக் காட்டினால் அளவு தானாக வந்துவிடுகிறதாம், அதை வாங்கலாமா, அந்தக் காலத்தில் நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டார். அந்தக் காலம் என்று அவர் சொன்னது ஆறேழு வருஷத்துக்கு முந்தியதைத்தான். எழுதி அனுப்புகிறேன் என்றேன். பேசினால் நான் வீரனாக வருகிற இடங்களை மட்டும்தான் சொல்வேன். எழுதும்போது பொய் சொல்லக் கொஞ்சம் சோம்பலாக இருக்கிறது.

போலீஸ் குதிரைப் பிரிவில் பாதி ஆயுள் இருந்தேன். அங்கே கற்றுக்கொண்டது விழுவது, யாரெல்லாம் பார்த்தார்கள் என்று ஓரக்கண்ணால் பார்ப்பது, மறுபடி ஏறுவது. சேணத்தைத் துடைப்பதும் எண்ணெய் போடுவதும் என் வேலை. எந்தக் குதிரைக்கு எது பொருந்தும் என்று பார்க்க வேறு ஆள் இருந்தார், அவர் காட்டியதை நான் கட்டினேன். அத்தனை வருஷம் கட்டியவனுக்குப் பொருத்தம் பார்க்கவும் தெரியாமலா போகும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த நம்பிக்கையோடுதான் ஊர் திரும்பி, நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் இருந்த ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் குதிரைப் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். தாளாளருக்குக் கோழிப் பண்ணை, போர் போடுகிற ரிக் வண்டி என்று பல தொழில், பள்ளிக்கூடம் கடைசியாகச் சேர்ந்தது. நீச்சல்குளம் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் வந்துவிட்டதால் அவர் குதிரை வாங்கினார்.

வார்டன் என்பது ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரை. ஒரு தரகர் வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். காகிதத்தில் அதற்கு ஏதோ மகாராணிப் பெயர். பிள்ளைகள் வைத்த பெயர்தான் வார்டன். பக்கத்தில் போனால் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு ஒரு பார்வை பார்க்கும், நாம் என்ன தப்புச் செய்தோம் என்று நாமே யோசிக்க ஆரம்பித்துவிடுவோம். உண்மையான விடுதி வார்டன் இந்தப் பெயரைப் பற்றித் தாளாளரிடம் புகார் சொன்னார். குதிரை பெருந்தன்மையாக விட்டுவிட்டது.

அதன் முதுகைச் சொல்ல வேண்டும். கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற இடத்தில் எல்லாக் குதிரைக்கும் ஒரு எலும்பு மேடு உண்டு. வார்டனுக்கு அது ஓட்டு வீட்டு முகடு மாதிரி ஒடுங்கி உயர்ந்திருந்தது. அதைத் தாண்டியதும் முதுகு தூளி மாதிரி கீழே இறங்கி, இடுப்பில் மறுபடி ஏறும். போதாததற்கு இடது தோள் வலது தோளைவிடப் பருமன். எதிரே நின்று பார்த்தால் ஒரு பக்கம் பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பது போல இருக்கும்.

குதிரைப் பிரிவுக்கு மேலதிகாரி தேவகி மேடம். கால்நடை மருத்துவர், பெங்களூரில் பந்தயக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அஸ்தம்பட்டியிலிருந்து தானே கார் ஓட்டிக்கொண்டு வருவார். வந்ததும் வணக்கத்துக்கு ஒரு தலையசைப்பு. வளையலையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிக் காருக்குள் வைத்துவிட்டு, முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடிப்பார். பிறகு குதிரையைத் தொடாமல் சுற்றி வருவார். அந்தச் சுற்று முடிவதற்குள் யாராவது வாயைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து சுற்றுவார். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆனது, என் வாய் அப்படி. மேடம் பிறந்தது ராசிபுரத்தில் தறிக்காரர் வீட்டில். குதிரை முதுகில் உள்ளங்கையை வைத்து அவர் நகர்த்துவதைப் பார்த்தால், நெய்து இறக்கிய சேலையில் அறுந்த இழையைத் தேடுவது போலவே இருக்கும்.

வார்டனையும் அப்படித்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, நம்மிடம் இருக்கும் சேணம் எதுவும் இதற்கு அப்படியே ஆகாது, நான் வரும்வரை இதன்மேல் எதையும் போடாதீர்கள் என்று சொன்னார். சொல்லிவிட்டு அவர் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக விடுப்பில் போனார்.

அவர் போனதும் எனக்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. எனக்குப் புத்தி வேலை செய்கிறது என்று தெரிந்தால் என் மனைவி சரசு எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிடுவாள், அவ்வளவு அனுபவம். எலும்பு துருத்திய முதுகு, ஆகவே மெத்தை அதிகம் வேண்டும். என் கண்டுபிடிப்பு இதுதான். மேடம் திரும்பி வரும்போது வார்டன் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும், மேடம் வாயைத் திறந்து ஒரு முழு வாக்கியம் என்னைப் பாராட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சரசுவின் தம்பிதான் குமரேசன். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு டிரைவர் சீட் செய்து கொடுப்பவன். வடக்கே நாள்கணக்கில் ஓட்டிப் போகிற டிரைவருக்கு இடுப்பு வலிக்காமல் சீட் போடுகிறவனைவிடப் பெரிய ஆள் எனக்கு எங்கே கிடைப்பான்? ஸ்டோர் ரூமில் இருந்ததிலேயே புதுச் சேணத்தைத் தூக்கிக்கொண்டு அவன் பட்டறைக்குப் போனேன்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் மாமா, டிரைவர் எத்தனை கிலோ வருவாருங்க?" என்றான்.

டிரைவர் நான்தான் என்றேன். சேணத்தை ஒரு மரக்கட்டைமேல் வைத்து என்னை ஏறி உட்காரச் சொன்னான். முன்னால் நகருங்க, பின்னால் சாயுங்க, தொடை உறுத்துதுங்களா என்று கேட்டுக் கேட்டுச் சாக்பீஸால் கோடு போட்டான். பிறகு அடிப்பக்க மெத்தையைப் பிரித்து, உள்ளே இருந்த பழைய கம்பளியை எடுத்துப் போட்டுவிட்டு, ரப்பர் பூசிய தேங்காய் நாரும் ஃபோமும் வைத்து விறைக்க அடைத்தான். மேலேயும் கொஞ்சம் வைத்தான். கீழே இருக்கப்போகிற முதுகு எப்படி என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் உட்கார்ந்து பார்த்தேன். டீ வந்து, குடித்து, இன்னொரு டீ வருகிற வரைக்கும் இறங்க மனம் வரவில்லை.

அது பள்ளிச் சேர்க்கை நடந்த சமயம். மறுநாள் காலை வார்டன்மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதைக் கட்டினேன். வயிற்று வாரை இழுக்கும்போது என் சட்டைக் கையைக் கடித்தது. பிரியமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஏறினால் உயரம் அபாரம், ஊரே தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத் தாளாளர் ஒரு கூட்டம் பெற்றோர்களை அழைத்துக்கொண்டு வேலியோரம் வந்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, வட்டம் சுற்றிவிட்டு, அவர்களுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தி ஒரு சல்யூட்டும் வைத்தேன்.

வார்டன் அசையாமல் நின்றது. பிறகு எனக்குக் கீழே அதன் உடம்பு கட்டை மாதிரி இறுகியது. தலை கீழே போனது. எது நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது, அதற்கு எதுவும் செய்ய நேரம் இல்லை என்பதும் தெரிந்தது. அடுத்து நான் பார்த்தது பெற்றோர்களின் செருப்புகளை. விதவிதமாக இருந்தன.

தாளாளர் நல்ல மனுஷன், முதலில் அடிபட்டதா என்று கேட்டார். பெற்றோர்களை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து நின்றார்.

"வாத்தியாரே, பண்ணையில முட்டை நின்ன கோழிய வச்சுட்டு அழுகறமுங்களா? பிள்ளைங்க ஏறுற எடம். கழிச்சு உட்ருங்க."

சொன்னதோடு நிற்காமல் அங்கேயே தரகருக்குப் போன் போட்டார். தரகரிடம் ஆள் தயாராக இருந்தது. திருவிழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் மாப்பிள்ளையை ஏற்றிப் போகக் குதிரை தேடுகிறவர்கள். எந்தச் சேணம் கிடைக்கிறதோ அதைக் கட்டுவார்கள், பட்டாசு நடுவே ராத்திரி முழுக்க நிற்க வேண்டியிருக்கும். வாரக் கடைசியில் வேன் வரும் என்று பேச்சு முடிந்தது.

கொட்டடியில் சேணத்தைக் கழற்றினேன். எலும்பு மேட்டுக்கு இரண்டு பக்கமும் இட்லி அளவுக்கு வீங்கியிருந்தது. கை வைத்தால் சுட்டது. வார்டன் திரும்பி என்னைப் பார்த்தது, காதைக்கூட மடிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வராத சில நாட்களில் அது ஒன்று. அது தள்ளிவிட்டது வலியை. நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். இப்போது என் தப்புக்கு அது ஊர்வலம் போகப்போகிறது.

மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "துணியத் துவைக்காதீங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் விடுப்பை முறித்துக்கொண்டு வந்தார். கடிகாரம், வளையல், சட்டைக் கை. சுற்றினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சேணத்துக்கு அடியில் போட்டிருந்த வெள்ளைத் துணியைக் கேட்டார். வேர்வையும் அழுக்கும் படிந்து துணி முழுக்கக் காவி நிறமாக இருந்தது, முன்னால் இரண்டு இடமும் பின்னால் இரண்டு இடமும் நடுவில் பெரிய திட்டு ஒன்றும் மட்டும் சலவை போட்ட மாதிரி வெளுப்பு. முன்னாலும் பின்னாலும் இருந்த வெளுப்புகளை விரலால் தொட்டு, "அழுத்தற எடத்துல வேர்க்காது" என்றார். நடுவில் இருந்ததைத் தொட்டு, "படாத எடத்துல துணியில ஒட்டாது" என்றார்.

எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்கும். காரிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் காடை முட்டைகள். துணியை நாலாக மடித்து முதுகின் பள்ளத்தில் வைத்து, முதுகெலும்புக்குப் பக்கவாட்டில் ஒரு முட்டையை வைத்தார். வீக்கத்தில் படாமல் கொஞ்சம் பின்தள்ளி என் சேணத்தை அதன்மேல் இறக்கினார். வார் கட்டவில்லை. சேணத்தின் நடுவில் கையை ஊன்றி மெதுவாக அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். இன்னும் என்றார். அழுத்தினேன். வார்டன் தோலைச் சிலிர்த்ததும் போதும் என்றார். சேணத்தைத் தூக்கி, முட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். முழுசாக இருந்தது. கீறல்கூட இல்லை.

அப்போதுதான் தலைக்குள் விளக்கு எரிந்தது. நான் அடைத்து வைத்த மெத்தை பள்ளத்தைத் தொடவே இல்லை. பாலம் மாதிரி முன்னே இரண்டு கால், பின்னே இரண்டு கால் ஊன்றி நின்றிருக்கிறது. என் மொத்த எடையும் நான்கு இடத்தில். மெத்தை அதிகமாக அதிகமாக அந்த நான்கு இடமும் இறுகியிருக்கிறது, கடிக்கிற செருப்புக்குள் இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்த கதைதான். தம்பி, நீங்கள் எந்தப் போனைக் காட்டினாலும் காட்டுங்கள், முதலில் ஒரு காடை முட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

மேடம் தாளாளர் அறைக்குப் போனார். திரும்பி வந்து, பள்ளி திறக்கிற நாள்வரை தவணை என்றார். அன்றைக்குத் தாளாளர் முன்னால் ஒரு பயிற்சியாளரைச் சுமந்துகொண்டு வார்டன் மைதானத்தை அமைதியாகச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் வேன் அன்றைக்கே வாசலில் நிற்கும்.

"ஏறப் போறது யாருங்க மேடம்?"

"நீங்க."

வீக்கம் வடியும்வரை ஈரத்துணி ஒத்தடம். தினமும் மேடம் உள்ளங்கையை ஓட்டிப் பார்ப்பார், நான் அவர் முகத்தைப் பார்ப்பேன், இரண்டிலும் எதுவும் தெரியாது. ஒருநாள் தலையசைத்தார். ஒரு முழக் கம்பி, கையால் வளைகிற கனத்த மின்கம்பி, அதை எலும்பு மேட்டுக்குக் குறுக்கே வைத்து முதுகோடு ஒட்ட அழுத்தி வளைத்தார். வளைவு கலையாமல் தூக்கி, பழைய முட்டைப் பெட்டி அட்டைமேல் வைத்துக் கோடு போட்டு வெட்டினார். ஒரு சாண் பின்னால் இன்னொன்று. முதுகின் நீளவாக்கில் இன்னொன்று. மூன்று அட்டை. பிறகு ஸ்டோர் ரூம் சேணம் ஒவ்வொன்றையும் கவிழ்த்து அட்டையை உள்ளே வைத்துப் பார்த்தோம். ஒன்று இறுக்கம், ஒன்று எலும்பின்மேல் படுத்துக்கொண்டது, ஒன்று பின்னால் நீண்டு இடுப்பைக் குத்தும். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. புதுசு தைத்து வாங்க நேரமில்லை.

கடைசியில் மூலையில் கிடந்த ஒன்று. ஏதோ குதிரையோடு வந்து சேர்ந்தது, தோல் காய்ந்து வறட்டி மாதிரி ஆகி, உட்காரும் இடத்தில் தையல் முண்டு முண்டாக நின்றது. அதை யாரும் சேணம் என்று சேர்த்துக்கொள்வதே இல்லை. மேடம் அதைத் தொடையில் வைத்து முன்னும் பின்னும் பிடித்து அழுத்தினார், உள்ளே மரச்சட்டம் உடைந்திருந்தால் கிரீச் என்று சொல்லிவிடும். சொல்லவில்லை. கவிழ்த்து அட்டையை வைத்தார். முன் அட்டை ஆடாமல் உட்கார்ந்தது. பின் அட்டையும் உட்கார்ந்தது. நீள அட்டைக்கு மட்டும் கீழே இடைவெளி. அது அடைத்துச் சரிசெய்யக்கூடிய இடைவெளி.

குமரேசனை வரவழைத்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "சேசிஸப் பாக்காம பாடி கட்டிப்புட்டமுங்களே மாமா" என்றான். நார் கூடாது, ஃபோம் கூடாது, பிரித்த கம்பளிதான். ஒரு பிடி வைப்பான், மேடம் கையை உள்ளே விட்டுப் பார்ப்பார், கட்டி இருக்கிறது என்பார், எடுப்பான். பருத்த தோள் பக்கம் கொஞ்சம் குறைவு, பள்ளத்துக்கு நேராகக் கொஞ்சம் அதிகம். சாயங்காலத்துக்குள் அவனுக்கு என் பெயரைச் சொன்னாலே கோபம் வந்தது. போகும்போது மனசு கேட்காமல், டிரைவருக்கு மேலே ஒரு சின்ன ஃபோம் வைத்துவிடட்டுமா என்று மேடத்திடம் கேட்டான். வேண்டாம் என்றார்.

மறுபடி காடை முட்டை. சேணத்தை இறக்கி, கையை ஊன்றி, பாதி அழுத்தவில்லை. நொறுக். நாமக்கல் பக்கம் முட்டை உடைந்ததற்குச் சந்தோஷப்பட்டு யாராவது குதித்திருக்கிறார்களா, தெரியாது. நான் குதித்தேன். மேடம் துணியை மாற்றினார்.

ஆனால் அதன்மேல் ஆள் ஏறிப் பார்க்கவில்லை. புதிதாக ஆறிய முதுகு, சுமப்பாயா என்று அதை ஒரே ஒருமுறைதான் கேட்கலாம் என்றார் மேடம்.

பள்ளி திறந்த அன்று வேன் வாசலில் நின்றது. தரகர் கதவைத் திறந்து, உள்ளே வைக்கோல்கூடப் பரப்பி வைத்திருந்தார். தாளாளர் வேலியில் கை வைத்து நின்றார், முன்பு பெற்றோர்களோடு நின்ற அதே இடம். சேணத்தைச் சற்று முன்னே வைத்து, ரோமம் படிகிற பக்கமாகப் பின்னே இழுத்தேன். ஓரிடத்தில் தானாக நின்றது. எலும்பு மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே மூன்று விரல் நுழைந்தது. வாரை ஒரு துளை ஏற்றி, பத்தடி நடத்தி, இன்னொரு துளை. வார்டன் கடிக்கவில்லை. ஆனால் காது பின்னால்தான் இருந்தது. அதற்கு ஞாபகம் இருந்தது. எனக்கும் இருந்தது.

முதுகை இழுக்காமல் கல்மேல் நின்று ஏறினேன். நடந்தது. ஒரு ஓரம், இரண்டாவது ஓரம். வேலிக்கு எதிரே, நான் சல்யூட் வைத்த அதே இடத்துக்கு வந்ததும் வார்டன் நின்றது.

உடம்பு இறுகியது. எனக்கு அது தொடை வழியாகத் தெரிந்தது. தாளாளர் வேலியிலிருந்து கையை எடுத்துவிட்டார். என் கை தானாகக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தது, "சாமி, சாமி" என்று முனகினேன், குதிரையைச் சொன்னேனா கடவுளைச் சொன்னேனா என்று இன்றுவரை தெரியாது. தலை கீழே இறங்க ஆரம்பித்தது. செருப்புகள் கண்முன் வந்தன.

மைதானத்தின் நடுவிலிருந்து மேடம் குரல். "கைய விடுங்க."

தலை குனிகிற குதிரையின்மேல் இருந்துகொண்டு கடிவாளத்தை விடுவது என்றால் என்னவென்று ஏறியவர்களுக்குத் தெரியும். விட்டேன். தலை தரைவரைக்கும் போனது. அங்கேயே நின்றது. முதுகு கொஞ்சம் எழும்பியது, எதையோ தேடிப் பார்க்கிற மாதிரி, வலி எங்கே என்று கேட்கிற மாதிரி. பிறகு வார்டன் மண் பறக்க நீளமாக ஒரு மூச்சு விட்டது. தலையைத் தூக்கியது. ஒரு காது முன்னால் வந்தது, இன்னொன்றும் வந்தது. நடந்தது. மேடம் கையைக் காட்டியதும் ஓடவும் செய்தது, எனக்குக் கீழே முதுகு வளைந்து வளைந்து அசைவது அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தெரிந்தது.

இறங்கிச் சேணத்தைத் தூக்கியதும் தாளாளர் வேலிக்குள் வந்துவிட்டார். துணி இரண்டு பக்கமும் ஒரே சீராக நனைந்திருந்தது, நடு முதுகெலும்புக்கு மட்டும் ஒரு காய்ந்த கோடு. பழைய துணியை மேடம் பக்கத்தில் விரித்துக் காட்டினார். தாளாளர் இரண்டையும் பார்த்தார். பண்ணையில் கோழியைப் பிடித்துப் பார்க்கிற கை, கட்டைவிரலால் முதுகை அங்கங்கே அழுத்தினார். வார்டன் வாலைக்கூட ஆட்டவில்லை. வாசல் பக்கம் திரும்பி, அவரை டீ சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்க என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு விஷயம் தாமதமாகத்தான் உறைத்தது. அந்த வறட்டித் தோலும் தையல் முண்டும் என் பின்பக்கத்தை உரித்துவிட்டிருந்தன. காலை அகட்டி அகட்டி நடந்து மேடத்தின் கார்வரைக்கும் போனேன். வளையலை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், சேணம் எல்லாம் அருமைங்க. ஆனா எனக்குத்தான் உக்காரவே முடியலைங்க, பயங்கரமா உறுத்துது. கொஞ்சம் மேல மட்டும் பாத்துச் செஞ்சா..."

கடிகாரத்தையும் கட்டிக்கொண்டு, காரைக் கிளப்பிவிட்டு, கண்ணாடியைப் பாதி இறக்கினார்.

"உங்களுக்கு யாரு அளவெடுத்தா?"